உப்புப் பாக்கெட் மேல் ஒரு தேதி

போன வருஷம் ஆடி நோம்பிக்கு முந்தின வாரம், அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த நர்ஸ், "நீங்களும் கையைக் குடுங்கக்கா, பிரஷர் பாத்துடலாம்" என்றார். 162/100. வெயிலில் நடந்து வந்ததால் இருக்கும் என்று ஐந்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார். 154/96. எனக்கு 46 வயது. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. காலையில்தான் ரெண்டு எருமைக்கும் தட்டு அறுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எங்க ஐயன் நினைப்புதான். அவரும் பிரஷர் மாத்திரை ரெண்டு வருஷம் ஒழுங்காகப் போட்டவர். உடம்பு நல்லாத்தானே இருக்கிறது, எதற்கு மாத்திரை என்று யாரோ கொடுத்த கசாயத்துக்கு மாறினார். நாலாவது மாதம் கட்டுத்தறியில் பால் கறந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மேல் அளவு 210. அப்புறம் மூன்று வருஷம் கட்டிலிலேயே கிடந்தார். போசியில் கஞ்சி எடுத்துப் போய் ஊட்டிவிட்டவள் நான்.

அதனால் இயற்கை வழி என்று நான் எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு டாக்டர் ரெண்டு தடவை வரச் சொல்லிப் பார்த்துவிட்டு அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதினார். இன்றைக்கும் ராத்திரி சாப்பிட்டதும் அதைப் போடுகிறேன். நான் சொல்லப்போவது மாத்திரையோடு சேர்த்து என் அடுப்படியில் செய்த காரியம்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்ல உப்பு எவ்வளவு செலவாகுதுங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. பருப்பு, எண்ணெய், புண்ணாக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிற எனக்கு உப்புக்குக் கணக்கில்லை. வீட்டுக்கு வந்து புதுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து, அதன் மேல் பேனாவால் தேதி எழுதினேன். ஒரு கிலோ, நாலு பேர். 19 நாளில் தீர்ந்துவிட்டது. பையன் கணக்குப் போட்டான்: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 13 கிராம். கடையில் வாங்கின ஊறுகாயும் மிக்சரும் இதில் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும்.

உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. குழாய் அதேதான், உள்ளே ஓடுகிற தண்ணீர் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் மோட்டார் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினேன். அப்புறம் குழம்பிலும் பொரியலிலும் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தேன். ஒரே நாளில் குறைத்திருந்தால் வட்டல் பறந்திருக்கும். ரெண்டாவது வாரமே அத்தை கண்டுபிடித்துவிட்டார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க அம்மிணி?" வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் உப்புச் சாடியை எட்டி எடுப்பார். சாடியைச் சாப்பிடுகிற இடத்திலிருந்து எடுத்து அடுப்பு மேடைக்கு மேலே பரணில் வைத்தேன். எழுந்து போய் எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

உப்புக் குறைகிற இடத்தில் வேறு ஒன்று கூட வேண்டும். செலவு ரசத்துக்கு மிளகும் சீரகமும் தட்டிப் போட்டேன். பொரியலுக்கு, வறுத்த நிலக்கடலையும் வரமிளகாயும் பூண்டும் உரலில் இடித்த பொடி. தட்டைப்பயற்றுக் குழம்பை இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை. ஒன்றரை மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. கார்த்திகையில் ஒரு ஒரம்பரை வீட்டுக் கல்யாண விருந்தில் சாம்பாரை வாயில் வைத்த அத்தை, "கடலைக் கரைச்சு ஊத்திட்டாங்களா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

இன்னொன்று. கம்மங்கூழ் குடிக்கிறேன், எனக்கு என்ன வரும் என்று எங்கள் ஊரில் நிறையப் பேர் தைரியமாகச் சொல்கிறார்கள். கம்பு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரோட்டோரக் கூழ் வண்டியில் நின்று பாருங்கள். ஒரு சொம்புக் கூழுக்கு மோர்மிளகாய், மாங்காய் ஊறுகாய், வடகம், உப்பில் ஊறிய நெல்லிக்காய், அப்புறம் கருவாடு. தொட்டுக்கொள்கிறதில்தான் ஒரு நாள் உப்பு முழுக்க இருக்கிறது. இப்போது நான் கூழுக்குப் பச்சைச் சின்ன வெங்காயமும், உப்புப் போடாத கெட்டி மோரும், சுட்ட வரமிளகாயும்தான் வைக்கிறேன்.

இந்துப்பு பற்றியும் கேட்கிறார்கள். கல்லுப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாம் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். விலை அதிகம் கொடுப்பதால் பிரஷர் இறங்காது. சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடையில் கிடைக்கிறது. அது பலருக்கு உதவும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், லோசார்டன், டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரிலும் பொட்டாசியம் இருக்கிறது, அதனால் இவர்களில் தினமும் ரெண்டு மூன்று இளநீர் குடிக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

சாப்பாட்டை மாற்றினால் பிரஷர் இறங்குமா என்று பார்த்த, 1997-ல் அமெரிக்காவில் வந்த டாஷ் ஆய்வைப் பையன் எனக்குப் படித்துக் காட்டினான். உப்பைக் குறைக்காமலே, காய், பழம், கொழுப்பு குறைந்த பால் என்று சாப்பாட்டை மாற்றினதில் பிரஷர் இறங்கியது. 2001-ல் உப்பையும் குறைத்துப் பார்த்தபோது இன்னும் இறங்கியது. அதைக் கேட்டபின் வாரத்தில் நாலு நாள் கீரை, தினமும் ஏதாவது ஒரு பயறு கடைசல் என்று வைத்துக்கொண்டேன். பூண்டு, செம்பருத்தி டீ எல்லாம் கொஞ்சம் உதவலாம். அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

நடை, தடப்பள்ளி வாய்க்கால் கரையில். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். கூட வருகிற அக்கா பேசிக்கொண்டே வருவார், பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம் போதும். நடவு சமயத்தில் கரை சேறாகிவிட்டால் வீட்டு மொட்டை மாடிதான்.

பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்றும் வாங்கினோம். டீ குடித்து அரை மணி நேரமாவது போன பிறகு, பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டுப் பார்க்க வேண்டும். பட்டையைச் சேலைத் துணி மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல் வைக்க வேண்டும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை. பால்காரரோடு சத்தம் போட்டுவிட்டு வந்து பார்த்தால் அது கோபத்தின் அளவுதான்.

தை மாதத்திலிருந்து 126, 130 என்று வருகிறது, கீழ் அளவு 82-க்குள். மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டேன். இன்னும் ஆறு மாதம் இப்படியே போகட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர். சரி என்று வந்துவிட்டேன்.

போன பாக்கெட் 41 நாள் வந்தது. இன்று காலையில் புதுசு பிரித்தபோது தேதி எழுதப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அத்தையே எழுதி வைத்திருந்தார், பக்கத்தில் தமிழ்த் தேதியும் சேர்த்து.