வீட்டு வாசல் சரிவைப் பார்த்துவிட்டு கியரைத் தேர்ந்தெடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கார் வாங்கக் கிளம்புகிற எல்லோரும் கேட்பது "ஆட்டோவா, மேனுவலா?" என்றுதான். இதில் மேனுவல் என்றால் எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒரே பொருள். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் ஷோரூமில் நிற்பவையோ ஐந்து வகை. பெடல் இரண்டுதான் என்பதைத் தவிர உள்ளே ஒன்றுக்கொன்று பெரிய சம்பந்தம் கிடையாது. ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய மாடலில் சி.வி.டி. (கியருக்குப் பதில் கப்பியும் பெல்ட்டும்), அதற்கு முந்தைய மாடலில் ஏ.எம்.டி. (மேனுவல் பெட்டியையே மோட்டார் இயக்குவது). பழைய கார் விளம்பரத்தில் இரண்டுக்கும் "ஸ்விஃப்ட், ஆட்டோ" என்றுதான் போட்டிருக்கும்.

எந்த ஆட்டோ என்று முடிவு செய்வதற்கு முன் உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். சாட்ஸ்வொர்த்திலும் ரிசர்வாயர் ஹில்ஸிலும் பாதி வீடுகள் சாலைக்கு மேலே ஏறி நிற்கும், மீதி சாலைக்குக் கீழே இறங்கி நிற்கும். சமதளத்தில் கேட் இருப்பவர் கொடுத்து வைத்தவர். மற்றவர்கள் தினமும் இரண்டு முறையாவது கேட் மோட்டார் நகர்ந்து முடியும் வரை சரிவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நொடியை எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் கிளட்சின் ஆயுள் இருக்கிறது.

மேனுவலில் பலர் செய்வது ஹாஃப் கிளட்ச். பெடலை பாதி விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, வண்டியை முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நிறுத்துவது. பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும். உள்ளே கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுற்றுகிற ஃபிளைவீலில் தேய்ந்துகொண்டே இருக்கும். சூடு ஏறும், கருகின வாசனை வரும், பிளேட்டின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கும். சமதள ஊரில் 1,00,000 முதல் 1,50,000 கிலோமீட்டர் வரை ஓட வேண்டிய கிளட்ச், இப்படி ஓட்டினால் அதில் பாதியில் போய்விடும். வழி எளியது. கேட் திறக்கும்வரை ஹேண்ட்பிரேக், நியூட்ரல், இரண்டு காலும் சும்மா. திறந்த பிறகு முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடம் வந்து மூக்கு லேசாக எழும்பியதும் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். கே53 ஓட்டுநர் தேர்வுக்காக எல்லோரும் படித்ததுதான் இது. தேர்வில் ஒரு அங்குலம் பின்னால் உருண்டாலும் ஃபெயில் என்பதால் அன்றைக்கு ஒழுங்காகச் செய்வோம். லைசென்ஸ் கைக்கு வந்ததும் மறந்துவிடுவோம்.

கிளட்ச் போகிறதா என்று பார்க்க மெக்கானிக் வேண்டாம். காலியான நேர்ச் சாலையில் நான்காவது கியரில் 50 வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சுற்று சட்டென்று ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத்தான். ஒரு பேரிங்கில் மிச்சம் பிடித்துவிட்டு மறுபடி இறக்குவது அசட்டுத்தனம். இறக்கியிருக்கும்போதே கிராங்க்ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கசிந்தால் புது பிளேட்டில் எண்ணெய் பட்டு அதுவும் வீண். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) கிளட்ச் என்றால் பெரும்பாலும் பிரேக் எண்ணெய்த் தொட்டியிலிருந்துதான் அதற்கும் எண்ணெய் போகிறது. டாட் 4 எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டர்பன் கடற்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி ஏ.எம்.டி. டொயோட்டா விட்ஸ், ரெனோ க்விட், முந்தைய ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் மலிவான ஆட்டோ என்று விற்பது இதைத்தான். மேனுவலைவிட சுமார் 15,000 முதல் 20,000 ராண்ட் கூடுதலாக இருக்கும். நம்மவர் அதிகம் ஏமாறுவதும் இதில்தான், காரணம் உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே உலர்ந்த கிளட்ச். உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு மோட்டார் கிளட்சை அழுத்துகிறது, இடது கைக்குப் பதில் இன்னொன்று கியரை மாற்றுகிறது. "ஆட்டோதானே" என்று சரிவில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அது மேனுவலில் ஹாஃப் கிளட்ச் போடுவதேதான், உங்கள் காலுக்குத் தெரியாமல் நடக்கிறது, அவ்வளவே. கொஞ்ச நேரத்தில் கிளட்ச் சூடு என்று எச்சரிக்கை வரும், சில வண்டிகளில் கிளட்ச் தானே விட்டுவிடும். வண்டி பின்னால் உருளும். சரிவில் வண்டியைச் சற்று நேரம் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்ட் எல்லா ஏ.எம்.டி.யிலும் கிடையாது. இருப்பவற்றிலும் பிரேக்கை விட்ட பின் இரண்டு நொடி போலத்தான் பிடிக்கும். அதனால் ஏ.எம்.டி.யிலும் சரிவில் ஹேண்ட்பிரேக் கட்டாயம்.

முதலாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது வண்டி தலையாட்டுவது பழுது இல்லை. மாறப்போகிறது என்று தெரிகிற நேரத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் பாதியாகக் குறையும். கிளட்ச் மாற்றினால் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ஸ்கேன் கருவியை இணைத்து, புது பிளேட் எங்கே பிடிக்கிறது என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் ஏ.எம்.டி. கிளட்சை மாற்றக் கொடுக்காதீர்கள். எரிபொருள் செலவு மேனுவலுக்குச் சமமாகவே வரும். சமதள வீடு, நெரிசல் பயணம், சிறு பட்ஜெட் என்றால் ஏ.எம்.டி. நல்ல தேர்வுதான். செங்குத்தான வாசல் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செங்குத்து வாசலுக்கு ஏற்றது பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோ. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது, தேய்வதற்கு உலர்ந்த பிளேட் இல்லை. பிரேக்கை விட்டதும் தானே முன்னால் ஊரப் பார்க்கும். டொயோட்டா ஸ்டார்லெட்டின் 4 கியர் ஆட்டோவும், போலோ விவோ 1.6-இன் 6 கியர் டிப்ட்ரானிக்கும் இந்த வகை. 4 கியர் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மைதான், என்2 நெடுஞ்சாலையில் 120 வேகத்தில் போகும்போது இன்ஜின் சுற்று கூடுதலாக இருக்கும், சத்தமும் பெட்ரோலும் கொஞ்சம் கூடும். ஆனால் சூடு, சரிவு, பொறுமையில்லாத கால் எல்லாவற்றையும் தாங்கும்.

இதைக் கொல்வது எண்ணெயை மாற்றாமல் விடுவது. "ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்பதில் ஆயுள் யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. கீழே திருகைத் திறந்தால் 2 முதல் 3 லிட்டர்தான் வெளியே வரும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் ஒரு முறை மாற்றியதும் எண்ணெய் முழுக்கப் புதிதாகிவிடாது. கறுத்துப் போயிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்ற வேண்டும்.

சி.வி.டி.யில் கியரே இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட். கப்பிகள் விரிந்து சுருங்க விகிதம் மாறுகிறது. நெரிசலில் இதைப்போல் சுகமாகப் போவது வேறில்லை. மேட்டில் அழுத்தினால் இன்ஜின் ஒரே சுற்றில் நின்று கத்தும், அது பழுது அல்ல. பழுது என்பது 20-க்கும் 40-க்கும் இடைப்பட்ட வேகத்தில் வண்டி நடுங்குவது. பெரும்பாலும் பழைய எண்ணெய் அல்லது தவறான எண்ணெய். சாதாரண ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெயான ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் இடையே வேண்டிய பிடிப்பு கிடைக்காது. வழுக்கும், உலோகம் உரசும், துகள் பறக்கும், பிறகு பெட்டியையே மாற்ற வேண்டியதுதான். நிசானுக்கு என்.எஸ். வகை, ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப். என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி எண்ணெய். கையேட்டில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும், "இதுவும் அதேதான்" என்று யார் சொன்னாலும், ஊற்ற விடாதீர்கள். 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு மாற்றம். பக்கி (பின்னால் சரக்குத் தட்டுள்ள வண்டி) மாதிரி டிரெய்லர் இழுக்கிற ஆசை இருந்தால் சி.வி.டி. வேண்டாம்.

இரட்டை கிளட்ச் பெட்டி, அதாவது டி.சி.டி.: போலோ டி.எஸ்.ஐ.யில் வரும் 7 கியர் டி.எஸ்.ஜி. இந்த வகை, அதுவும் உலர்ந்த கிளட்ச். கியர் மாறுவது தெரியவே தெரியாது. பிடிக்காதது ஊர்வது. தைப்பூசக் காவடி நாளில் மவுண்ட் எட்ஜ்கம்ப் கோயில் பக்கம் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகருமே, அந்த மாதிரி நேரத்தில் கிளட்ச் பாதி பிடித்தபடியே சூடேறும். முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரேயடியாக நகர்ந்து நில்லுங்கள்.

கொரோல்லா கிராஸ் ஹைப்ரிட் நம்ம ப்ராஸ்பெக்டன் ஆலையிலேயே செய்வது. அதிலுள்ளதை இ-சி.வி.டி. என்கிறார்கள், ஆனால் பெல்ட்டும் கிடையாது, கிளட்சும் கிடையாது. ஒரு கிரகப் பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மின் மோட்டார்களும்தான். காசு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பின் சீட்டோரம் உள்ள பேட்டரி காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்ய மட்டும் மறக்காதீர்கள்.

இறக்கத்துக்கு வருவோம். எம்13-இல் க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில், இன்னும் தள்ளிப் போனால் வான் ரீனன் கணவாய். 2013-இல் ஃபீல்ட்ஸ் ஹில் அடியில் ஒரு லாரி மினிபஸ் டாக்சிகளில் மோதியதை டர்பன்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டோ ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் "டி"யிலேயே விட்டு வழியெல்லாம் பிரேக்கில் கால் வைத்து இறங்குகிறார்கள். பிரேக் பேட் சூடேறி, பெடல் அழுத்தினாலும் பிடிப்பு குறையும். இறக்கம் தொடங்கும் முன்பே லீவரை "2", "எல்", "எஸ்", "பி" (ஆங்கில B, பார்க் அல்ல) என்று உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். ஏ.எம்.டி.யில் "எம்" பக்கம் தள்ளி ஒரு கியர் குறைத்தால் போதும். ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய கணக்கு இன்னும் சரிதான்.

என்3-இல் ஜோஹானஸ்பர்க் போய் வருபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே உயரம் கிட்டத்தட்ட 1,700 மீட்டர், காற்று மெலிது. டர்போ இல்லாத இன்ஜின் கடற்கரையில் தரும் சக்தியில் ஆறில் ஒரு பங்கை அங்கே இழக்கும். 1.0 லிட்டர் இன்ஜினோடு ஏ.எம்.டி. சேர்ந்தால், முந்தப் போகிற நேரம் பார்த்து கியரைத் தேடும். அந்தப் பயணம் அடிக்கடி உண்டென்றால் மேனுவல், இல்லாவிட்டால் டர்போ இன்ஜினோடு வருகிற ஆட்டோ.

சரிவில் வண்டியை விட்டுப் போகும்போதும் ஒரு வரிசை இருக்கிறது. ஆட்டோவில் பலர் பிரேக்கை மிதித்து நேராக "பார்க்"கில் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுவார்கள். வண்டி இரண்டு அங்குலம் உருண்டு "டக்" என்று நிற்கும். விரல் பருமனுள்ள ஒரு கொக்கியில் ஒரு டன் எடை தொங்குகிறது என்று அர்த்தம். காலையில் எடுக்கும்போது லீவர் முரண்டு பிடித்து, இன்னொரு பெரிய "டக்". சரியான வரிசை: கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட்பிரேக், காலை மெதுவாக விட்டு வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்கார விடுவது, மறுபடி மிதித்து "பார்க்". மேனுவலில் மூக்கு மேலே பார்த்தால் முதல் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ்.

பிள்ளைகளுக்கு லைசென்ஸ் எடுப்பதாக இருந்தால், வீட்டில் ஆட்டோ இருந்தாலும் தேர்வை மேனுவலில் எழுத வையுங்கள். ஆட்டோவில் தேர்வு கொடுத்தால் அட்டையில் வாகனக் கட்டுப்பாடு என்ற இடத்தில் "1" விழும். மேனுவல் ஓட்ட அனுமதி இல்லை. வேலைக்குப் போன இடத்தில் கம்பெனி பக்கியை எடுக்கச் சொன்னால் கை பிசைய வேண்டியிருக்கும். மறுபக்கம், மேனுவலிலேயே பழகினவர் ஆட்டோவில் ஏறும்போது முதல் வாரம் இடது காலைச் சீட்டோரம் மடக்கி வைத்துக்கொள்ளட்டும். கிளட்ச் என்று நினைத்து அந்தக் கால் பிரேக்கில் இறங்கினால் பின்னால் வருபவர் டிக்கிக்குள் இருப்பார். மின்வெட்டில் ரோபோட் (சிக்னல் விளக்கு) அணைந்து, நான்கு பக்கமும் நின்று நின்று நகரும் சந்திப்பில் இதுதான் அதிகம் நடக்கும்.

பழைய ஆட்டோ பார்க்கப் போகிறீர்களா? விற்பவரிடம் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ரிவர்ஸிலும் "டி"யிலும் மாறி மாறிப் போட்டு, பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நொடி தாண்டினால் அடுத்த வண்டி. அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிய பிறகு ஒரு மேட்டில் நிறுத்தி, முன்னாலும் ரிவர்ஸிலும் ஏற்றிப் பாருங்கள். சூட்டில்தான் நடுக்கம் வெளிவரும். சர்வீஸ் புத்தகத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய குறிப்பு இல்லாமல் 1,00,000 தாண்டிய சி.வி.டி. என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். அதே காசுக்கு மேனுவல் வாங்கி, வந்ததும் கிளட்ச் செட் ஒன்று போட்டுவிடலாம்.

கடைசியாக, பேட்டரி இறந்தால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், ஆட்டோவைத் தள்ளிப் பயனில்லை. காரில் ஜம்பர் கேபிள் வைத்திருங்கள். பழுதாகி நின்றால் முன் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போக விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பம்ப்பும் ஓடாது, எண்ணெய் போகாமல் பெட்டி உள்ளே அரைபடும். இன்சூரன்ஸுக்கு ஃபோன் செய்யும்போதே "வண்டி ஆட்டோ, தட்டு லாரி அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.