ஐஸ்

பிப்ரவரி 3, இரவு
சோளத்தட்டு வெட்டும் மிஷினில் விரல்கள் சிக்கிய அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரம் ஆகிறது. அம்மாவின் முந்தானையில் சோளத்தட்டுத் தூள் ஒட்டியபடியே இருக்கிறது. தட்டிவிடக் கை வரவில்லை.

பிப்ரவரி 4
நடுவிரலைச் சேர்த்துவிட்டார்கள். ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாதாம்.
"விரலை எதுலம்மா கொண்டுவந்தீங்க?" என்றார் டாக்டர். டிபன் பாக்ஸில், மீன்காரண்ணன் பெட்டியிலிருந்து அள்ளிய ஐஸுக்குள். அள்ளிப் போட்டது நான்தான். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். ஐஸ் நேராகப் பட்டால் சதை கெட்டுவிடும். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 5
கைக்கு மேலே பல்பு எரிகிறது. ஏசி கூடாது. டீ, காபி, பீடி எதுவும் ஆகாது, ரத்தக்குழாய் சுருங்கிவிடும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும் என்று நர்ஸ் அக்கா காட்டிக்கொடுத்தார். மணிக்கொரு தரம் அழுத்துகிறேன். நகக்கண்ணில் வாழைக்கறை இன்னும் போகவில்லை. சிவந்தது. சிவந்தது. ராத்திரி 2 மணிக்குக் கொஞ்சம் மெதுவாகச் சிவந்ததோ?

பிப்ரவரி 6
சிவக்கிறது.

பிப்ரவரி 7
நீலம்.

பிப்ரவரி 9
எடுத்துவிட்டார்கள்.
"ஐஸாலயா டாக்டர்?"
"மிஷின் இழுத்த விரல்மா. ரத்தக்குழாயெல்லாம் அடிபட்டிருக்கும். இதனாலதான்னு சொல்ல முடியாது."
சொல்ல முடியாது என்றால் இல்லை என்று ஆகிவிடுமா?

பிப்ரவரி 16
வீடு. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அலுக்காமல் சொல்கிறார்: தட்டு ஈரம், உருளை பிடிக்கவில்லை, கையால் தள்ளினேன், பிடித்துக்கொண்டது. உருளையைப் பின்னால் சுற்றவைக்கும் லீவர் உடைந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்ததைச் சொல்வதில்லை. வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று முன்தகரத்தைக் கழற்றி வைத்ததையும் சொல்வதில்லை. தோட்டத்துக்காரர் வந்தபோது எழுந்து நின்றார்.

பிப்ரவரி 20
"நுனி அரிக்குது கண்ணு." எந்த நுனி? இல்லாத நுனி. கட்டுக்கு மேலே காற்றைச் சொறிந்துவிட்டேன். சிரித்தார்.

மார்ச் 4
ரேஷன் கடை. "வலதுகை ஆள்காட்டி விரல வைங்க" என்று நிமிராமலே சொன்னார் கடைக்காரர். அப்பாவும் பழக்கத்தில் நீட்டிவிட்டார். பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இடதுகையை வைத்து அரிசி வாங்கினோம்.

மார்ச் 11
தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் விரல்களுக்கென்றே பட்டியல் இருக்கிறது. கட்டைவிரல் 30 சதவீதம். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20. விவசாய வேலையானாலும் கரண்டில் ஓடும் மிஷின் என்றால் உண்டு. கெடு முடிவதற்குள் மனு கொடுக்க வேண்டும்.
"எதுல 20?"
சம்பாதிக்கும் திறனில், என்றேன். அப்பா மிச்சக் கையை மடக்கி விரித்தார். "பால் பீச்சறதே அந்த ரெண்டும் கட்டவெரலும்தான் கண்ணு."
அம்மாவுக்கு மனு என்ற சொல்லே ஆகவில்லை. குடியிருக்கும் வீடு தோட்டத்துக்காரருடையது. நேற்றும் முட்டை கொடுத்தனுப்பினார். முட்டை கணக்கில் வராது என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 12
அம்மா பேசவில்லை.

மார்ச் 19
பிசியோவில் மாவு மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொல்கிறார்கள். வீட்டில் சப்பாத்தி மாவு. ஏழு நாளாகச் சப்பாத்திதான்.

மார்ச் 23
மீன்காரண்ணன் ஹாரன் கேட்டாலே புழக்கடைக்குப் போய்விடுவேன். இன்று பிடித்துக்கொண்டார். "வெரல் சேந்துதா பாப்பா?" அம்மா சொல்லவில்லை போலிருக்கிறது. சேரவில்லைங்கண்ணா, என்றேன். அவர் பெட்டியை மூடிவிட்டு, எடைக்கு மேலே இரண்டு மத்தி போட்டார்.

மார்ச் 30
மனுவில் அப்பா இடதுகையால் கையெழுத்துப் போட்டார். மூன்று தாள் வீணானது. அம்மாதான் புதுத்தாள் எடுத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 2
7.40 பஸ்ஸுக்குப் போனால்தான் லேபர் ஆபீஸில் ஆள் இருக்கும்போது சேரலாம். மணி 7.25. யாரும் உதவக் கூடாதாம். மூன்றாவது பட்டனில் நிற்கிறார்.