இரண்டாம் பாகத்தில் அடுப்பு எரிய வேண்டும்

அக்காவும் தங்கச்சியும் பெண்களைத் திரட்டி அரசனை எதிர்க்கும் மாயக்கதை என்றால், முதல் பாகம் எப்படியும் நடந்துவிடும். அநியாயம் இருக்கிறது, இருவரையும் பிரிக்கிறார்கள், கடைசிப் பக்கத்தில் கோட்டை வாசல் பற்றி எரிகிறது. இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் கொப்பியில் எழுதும் இளையோர் கதைகளைத் திருத்தும் வேலையில் திரும்பத் திரும்பக் காண்பது, இரண்டாம் பாகம் மூன்றாம் அத்தியாயத்திலேயே மூச்சுவாங்கி நிற்பதைத்தான். கற்பனைக்குப் பஞ்சமில்லை. வாசல் எரிந்த மறுநாள் காலையில் இருநூறு பெண்கள் எதைத் தின்றார்கள் என்று எழுதியவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மலையேறி நடப்பவளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் மாவாவது வேண்டும். 200 பேருக்கு 80 கிலோ. ஒன்பது நாள் தாக்குப்பிடிக்க 720 கிலோ, 50 கிலோ மூட்டையில் பதினைந்து. அந்தப் பதினைந்து மூட்டையும் எங்கிருந்து வந்தது? யார் சுமந்தது? எந்த லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், மறைத்தார்கள்? மழையில் நனைந்து கட்டிபிடித்தது எத்தனை? விடை தேடப் போனால் நான்கு அத்தியாயம் தானாக வந்துவிடும். காட்டிக்கொடுப்பவளும் அங்கேதான் பிறக்கிறாள். பொறாமைக்காரியாக இல்லை, பிள்ளையின் பசி பொறுக்காமல் ஒரு மூட்டை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுபவளாக. அவளை வாசகி வெறுக்க மாட்டாள். தங்கச்சி அவளை என்ன செய்யப் போகிறாள் என்று பயந்துகொண்டே படிப்பாள்.

அடுத்தது, அரசனுக்கு எங்கே வலிக்கும் என்பது. இதில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காத அறிவு கையிலேயே இருக்கிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்க வேண்டிய மலையைப் பதினான்கு நாள் விட்டால் கொழுந்து முற்றிவிடும், செடி பறிக்கும் மட்டத்துக்கு மேலே கிளம்பும், அதைத் திரும்ப மட்டத்துக்குக் கொண்டுவரத் தனியாக ஆள் போட வேண்டும். எடுத்த கொழுந்தும் காத்திருக்காது. சாக்கில் அமுக்கி வெயிலில் விட்டால் சூடேறிச் சிவந்துபோகும். ஒரு கிலோ தூளுக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போகிறது என்பதால் ஒரு நாள் நட்டமும் சின்ன நட்டமில்லை. ஆகவே மெஷினை உடைக்கத் தேவையே இல்லை, கையை எடுத்துக்கொண்டால் போதும். மாய நாட்டிலும் இப்படி ஒரு கெடு இருக்க வேண்டும். அரண்மனை விளக்குகள் எரிவது ஏழாம் நாள் பறிக்கும் ஒளிப்பூவால் என்று வைத்துக்கொண்டால், எட்டாம் நாள் எந்தத் தெரு இருட்டாகும், பதினான்காம் நாள் பூ விதைகட்டி என்னவாகும் என்று எழுதுமுன்பே தெரிந்திருக்க வேண்டும். கெடு இல்லாத நாட்டில் வேலைநிறுத்தம் வெறும் ஊர்வலமாகத்தான் முடியும்.

வாள் சண்டைக்கு இருபது பக்கம் கொடுப்பவர்கள் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு அரைப் பக்கம்கூடக் கொடுப்பதில்லை. என் மனக்குறை இதுதான். முக்காலிக் கம்பில் தராசு தொங்குகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கழித்துத்தான் கணக்கப்பிள்ளை கொப்பியில் எழுதுவார். கணக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான். வரிசையில் முதலில் நிற்பவள் சாக்கைக் கீழே வைக்கிறாள், கொக்கியில் மாட்டவில்லை. பின்னால் நிற்பவளும் வைக்கிறாள். கொக்கி சும்மா ஆடுகிறது. தங்கச்சி மடியிலிருந்து ஒரு கல்லை எடுக்கிறாள். ஐந்து கிலோ என்று மூன்று கடையில் நிறுத்துப் பார்த்த கல்.

"அய்யா, இன்னைக்கு மொதல்ல ஒங்க தராச நிறுப்போம்."

இதற்கு மேல் அவள் மேடைப்பேச்சு பேசத் தேவையில்லை. பேசவும் கூடாது. எழுந்து நிற்கிற பெண் "விடுதலை வேள்வி" என்று சொன்னால் வாசகி பக்கத்தைப் புரட்டிவிடுவாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டை நினைத்து "நாளைக்கிப் பெரட்டுக்குப் போவல" என்றால் அவளுக்கும் வயிற்றைப் பிசையும்.

பயத்தைக் குறைத்துக் காட்டுவது இன்னொரு பிழை. தோட்டத்தில் வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும் என்ற நிலை இருந்தது. கூலி கொடுப்பவனே கூரைக்கும் சொந்தக்காரன். கதையிலும் அரசனுடைய கை கூரை வரைக்கும் நீள வேண்டும். மந்திரம் வந்து அதைத் தீர்த்துவைக்கக் கூடாது. மந்திரத்துக்கு விலை இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தினால் மூன்று நாள் கை மரத்துப்போகும் என்றால், பூப்பறிக்கிறவளுக்கு அது மூன்று நாள் கூலி.

வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். போராட்டத்தில் முதல் உயிர் விழும் அத்தியாயத்தை எழுதுமுன் அந்தப் போராட்டத்தைப் படித்துவிட வேண்டும். மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளரிடம் பாட்டாகவே அரசியல் பேசினார். கதையிலும் வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில் நோட்டீஸ் வேலை செய்யாது, பாட்டு வேலை செய்யும். நான்கு வரி, எல்லாரும் அறிந்த தாலாட்டு மெட்டு, கூடுகிற நாள் மூன்றாம் வரியில். 2015 செப்டெம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள் நின்றபோது, தங்கள் பெயரில் பேசிவந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. இரண்டாம் பாகத்துக்கு வேண்டிய எதிரி அங்கே இருக்கிறான், நம் பக்கத்திலேயே நின்று நமக்காகப் பேச வருபவன்.

சகோதரிகளுக்குள் பிளவு வேண்டும். ஒரே ஆணை இருவரும் விரும்புவதால் வரும் பிளவு பழசு, கதையைப் பக்கவாட்டில் இழுத்துப்போகும். அக்கா பங்களாவில் ஆயா, தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதங்கள் எங்கே இருக்கும் என்று தெரிந்தவள், பொறுக்கச் சொல்பவள். தங்கச்சிக்கு மலை தெரியும், கெடு தெரியும், இன்று விட்டால் பூ முற்றும் என்பவள். இரண்டு பேர் சொல்வதும் சரி. பொன்னர் சங்கர் கூத்தில் அண்ணன்மார் களத்தில் விழுந்தபின் தங்கை தங்காள் தேடி அழுது வருவாள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தங்காளையே களத்தில் நிறுத்தி எழுதுவதைப் படிக்கும்போது உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது.

இருவர் பார்வையிலும் மாறிமாறிப் போகும் கதையில் நாள் பிசகும். நான்கு கோடு போட்ட ஒரு தாள் சுவரில் இருக்கட்டும்: நாள், இடம், அக்காவுக்குத் தெரிந்தது, தங்கச்சிக்குத் தெரிந்தது. பிள்ளைகளோடு மலைப்பாதையில் நடப்பவர்கள் ஒரு நாளில் 12 கிலோமீட்டர் போனால் பெரிது. 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள அக்காவுக்கு அன்று இரவே சேதி வந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். பின்னேரம் மூடுபனி இறங்கினால் தீப்பந்தச் சைகையும் தெரியாது. முன்கதையைச் சொல்ல பத்துப் பக்கம் வேண்டாம், வாசல் எரிந்தபோது கருகிய முந்தானை நுனி ஒன்று போதும்.

கடைசி அத்தியாயத்தைப் பிரட்டுக்களத்தில் வைத்தால் நன்றாக வரும். பூ மறுபடி பறிக்கத்தான் வேண்டும், யாருக்காக என்பதுதான் மாறியிருக்கிறது. கொப்பி இப்போது அக்கா கையில். செத்துப்போனவளின் பேரைக் கூப்பிடுவதா, தாண்டிப் போவதா என்று தங்கச்சியிடம் அவள் கேட்கட்டும்.