அலுவலகத்துக்குச் செடி வாடகைக்கு எடுத்தபோது

கிண்டியில் எங்கள் அலுவலகம். அறுபது பேர், ஒரே தளம், ஜன்னல் தெற்குப் பக்கம் மட்டும். போன வருடம் உள்ளே செடி வைக்கலாம் என்று முடிவானதும், அட்மின் வேலை பார்க்கும் என்னிடம் அந்தப் பொறுப்பு வந்தது. சொந்தமாக வாங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் மாத வாடகைக்கு நாற்பது தொட்டி எடுத்தோம்.

முதலில் வந்தவர்கள் போட்டோக்களைக் காட்டினார்கள். நாங்களும் அழகைப் பார்த்து குரோட்டன்ஸ், அரேக்கா பாம், பீஸ் லில்லி என்று சொல்லிவிட்டோம். தளத்தை யாரும் சுற்றிப் பார்க்கவில்லை. ஒரே மாதத்தில் குரோட்டன்ஸ் நிறம் வெளுத்து இலை கொட்டியது. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஏசி காற்று நேராகப் பட்ட அரேக்காவின் இலை நுனிகள் காய்ந்து பழுப்பாயின. வாரம் இரண்டு முறை வர வேண்டிய ஆள் வருவது நின்றதும், பாவம் பார்த்து ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். காலையில் ஹவுஸ்கீப்பிங் அக்கா, சாயங்காலம் செக்யூரிட்டி அண்ணன், நடுவில் மிச்ச டீயை ஊற்றுபவர்கள் வேறு. பாதித் தொட்டிகளில் வேர் அழுகியது.

ஒருநாள் ஒரு தொட்டியை நகர்த்தினால், அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீரே போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த வாரமே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம்.

அப்புறம் வந்தவர் பூந்தமல்லிப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் பெரியவர். "ரேட்டை அப்புறம் பேசலாம்மா, முதல்ல இடத்தைப் பார்க்கிறேன்" என்றார். ஒவ்வொரு மூலையிலும் மேசைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டி, விழும் நிழலைப் பார்த்தார். நிழல் பளிச்சென்று விழுந்தால் நல்ல வெளிச்சம், மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே விழாத இடத்துக்கு ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் (ZZ) செடி, அவ்வளவுதான் என்றார். ஸ்நேக் பிளான்ட் நம்மூர் மருள் செடிக்கு உறவு. இசட்இசட் மண்ணுக்கடியில் கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ரிசப்ஷனுக்கு அக்லோனிமாவும் மணி பிளான்ட்டும், ஜன்னலோரம் அரேக்கா.

வாடகை முன்பைவிடக் கூடுதல். ஏன் என்று கேட்டபோதுதான் இந்தத் தொழில் எனக்குப் புரிந்தது. இங்கே நாற்பது தொட்டி இருந்தால், அவருடைய நிழல்வலைக் கூடாரத்தில் இன்னொரு நாற்பது தேறிக்கொண்டிருக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வாடியதை எடுத்துப் போய்த் தேறியதைக் கொண்டு வருவார். இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். பட்டுப்போன செடியை எத்தனை நாளில் மாற்றுவார், மாவுப்பூச்சி வந்த தொட்டியை அன்றே வெளியே கொண்டுபோவாரா என்பதையும் சேர்த்துத்தான். தண்ணீர் அவருடைய ஆள் மட்டுமே ஊற்றுவார். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு இறக்கி, காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறார். தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிடுகிறார். மாதம் இரண்டு முறை ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைக்கிறார்.

செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று எங்கள் மேலாளர் நம்பியிருந்தார். 1989இல் நாசா செய்த சோதனையிலிருந்து பரவிய பேச்சு அது. அந்தச் சோதனை, மூடி அடைத்த சிறிய பெட்டிக்குள் நடந்தது. 2019இல் வந்த ஓர் ஆய்வு, கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது தேவை என்றது. அவரிடம் அதைச் சொல்லிவிட்டேன். கண்ணுக்குப் பச்சையாக இருந்தால் போதும் என்றார்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். சரி, இந்த முறை முப்பது தொட்டி போதும் என்று நினைக்கிறேன். கையின் நிழல் விழாத அந்த ஸ்டோர் ரூம் வராந்தாவில் செடியே வேண்டாம்.