தொட்டிக் கணக்கில் மதிப்பெண் எங்கே போகிறது?

ஹைபிரிட் சிஸ்டம்ஸ் (தொடர்ந்து மாறும் அளவும் ஓடு/நில் போன்ற தாவல்களும் கலந்த அமைப்புகள்) தேர்வில் கன்ட்ரோலர் பாதுகாப்பானதா என்று கேட்டால், பலரும் நிலைப்படத்தை (நிலைகளும் அவற்றுக்கிடையே அம்புகளும் உள்ள படம்) அழகாகப் போட்டுவிட்டு முடிவைத் தவறாக எழுதுகிறார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்தே பார்க்கலாம்.

பம்பு ஓடினால் மட்டம் நொடிக்கு 2 செ.மீ. ஏறும், நின்றால் 3 செ.மீ. இறங்கும். சென்சார்கள் 60 செ.மீ.-லும் 20 செ.மீ.-லும்: ஏறும் மட்டம் 60-ஐத் தொட்டால் 'நில்' கட்டளை, இறங்கும் மட்டம் 20-ஐத் தொட்டால் 'ஓடு' கட்டளை. கட்டளை போய் 4 நொடி கழித்தே பம்பு மாறும். மட்டம் 70-ஐத் தாண்டக் கூடாது, 5-க்குக் கீழே போகக் கூடாது. தொடக்கத்தில் மட்டம் 20-க்கும் 60-க்கும் இடையில்.

5, 20, 60, 70 ஆகிய இடங்களில் வெட்டி அறைகளாக்குங்கள். அறை, பம்பின் நிலை, காத்திருக்கும் கட்டளை மூன்றும் சேர்ந்தது ஒரு நிலை. எல்லையில் ஓட்டம் (மட்டம் மாறும் திசை) அடுத்த அறையை நோக்கி இருந்தால் அம்பு போடுங்கள். (இரண்டு மாறிகள் வந்தால், எல்லைக்கோட்டில் ஒரு புள்ளியில் அப்படி இருந்தாலே அம்பு உண்டு. நேரியல் சமன்பாடானால் கோட்டின் இரு முனைகளைச் சோதித்தால் போதும்.) சந்தேகம் வந்தால் அம்பைப் போட்டுவிடுங்கள்: அம்பு கூடினால் விடை தளரும், குறைந்தால் விடையே தப்பு.

நிகழ்வுக்குத் திசையும் உண்டு. 20-ஐ இறங்கும்போது கடப்பது வேறு, ஏறும்போது கடப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஓடும் பம்புக்கே மறுபடி 'ஓடு' கட்டளை போகும்.

இப்போது '60–70, பம்பு ஓடுகிறது, நிறுத்தும் கட்டளை காத்திருக்கிறது' என்ற நிலையைப் பாருங்கள். ஓட்டம் மேல்நோக்கி இருப்பதால் 70-க்கு மேலே அம்பு விழும். உடனே 'கன்ட்ரோலர் பழுது' என்று எழுதினால் மதிப்பெண் போயிற்று. சுருக்க மாதிரி (அறைகளும் அம்புகளும் கொண்ட இந்தப் படம்) பாதுகாப்பானால் தொட்டியும் பாதுகாப்பானது; மாதிரி தவறினால் தொட்டியும் தவறும் என்பதில்லை. அந்த வழியைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 70-ஐத் தொட 5 நொடி வேண்டும், பம்பு நான்கிலேயே நின்றுவிடுகிறது. ஆக அது போலி வழி.

அதை நீக்க 68-இல் இன்னொரு கோடு போடுவார்கள். வீண் வேலை. எத்தனை துண்டாக்கினாலும் ஓட்டம் மேல்நோக்கியே இருக்கும், அம்பும் தொடரும். மாதிரியில் விடுபட்டது நேரம். கட்டளை பிறக்கும்போது 0-வில் தொடங்கும் கடிகாரம் ஒன்றைச் சேர்த்து, மட்டம் = 60 + 2 × நேரம், நேரம் 4-க்கு மிகாது என்று அந்த நிலைக்கு நிபந்தனை எழுதுங்கள். மட்டம் 68-ஐத் தாண்டாது, அம்பு அறும். கீழே 20 − 3 × 4 = 8.

தாமதம் எதுவரை தாங்கும் என்ற துணைக்கேள்விக்கு இரண்டு பக்கமும் சோதியுங்கள். இந்த எண்களுக்கு மேலே, கீழே இரண்டிலும் 5 நொடிதான் வருகிறது. வேகத்தை மாற்றிக் கொடுத்தால் சிறியதே விடை.