பல் தேய்க்கும் பாட்டுக்குப் பத்து விநாடி

பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் சட்டை மாட்டவும் பெற்றோர் வாய்க்கு வந்தபடி பாடும் கிறுக்குப் பாட்டுகளுக்கு இலக்கணம் ஏது என்று கேட்பார்கள். இருக்கிறது, கொஞ்சம் கறாராகவே. பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் வாயில் மிஞ்சி நிற்கும் பாட்டை எடுத்துப் பாருங்கள். குட்டையாக இருக்கும். ஏதோ ஒரு வேலையோடு கட்டியிருக்கும். பிள்ளை குறுக்கே புகுந்து கத்துவதற்கு ஓர் இடம் விட்டிருக்கும். பெரியவர்கள் யோசித்து யோசித்து எழுதிய அழகான பாட்டு பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் தோற்கும்.

மாதிரிக்கு ஒன்று கட்டிப் பார்ப்போம். வேலை, பல் தேய்ப்பது:

மேல்ப் பல்லு மேனேஜர்
கீழ்ப் பல்லு கேஷியர்
ஓரப் பல்லு ஒளிஞ்சிருக்கான்
யாரு வந்து புடிப்பா?

கடைசி வரியின் கேள்விக்குப் பிள்ளை தன் பெயரைப் பதிலாகச் சொல்ல வேண்டும். பல் எப்படி மேனேஜர் ஆகும் என்று கேட்காதீர்கள். பொருள் இல்லாத இடத்தில் பாட்டைத் தாங்கிப் பிடிப்பது மோனைதான். ‘ஓரப் பல்லு’ என்பதை யாராவது ‘மூலைப் பல்லு’ என்று மாற்றினால் ‘ஒளிஞ்சிருக்கான்’ தனியாகத் தொங்கும். காதே அதைத் திருத்திவிடும். பொருளை மட்டும் நம்பிய வரி ஆளுக்கு ஆள் மாறும், ஓசையால் பூட்டிய வரி மாறாது. முதல் மூன்று வரியிலும் மோனை அமைந்துவிட்டால் நாலாவது வரி எப்படி இருந்தாலும் பாதகமில்லை.

வரிக்கு நாலு தாளத் தட்டு. நாலு வரிக்குப் பதினாறு. நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் பாடினால் பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்காமல் ஒரு சுற்று சரியாக 10 விநாடி. பல் தேய்க்க 2 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. அப்படியென்றால் 12 சுற்று. வாயை நாலு பகுதியாகப் பிரித்தால் பகுதிக்கு மூன்று. கை கழுவும் 20 விநாடிக்கு இதே அளவில் இரண்டு சுற்றுப் போதும். வேகம்தான் தொல்லை. அவசரமான காலையில் பெற்றோர் தம்மை அறியாமல் ஓட்டிவிடுவார்கள், பாட்டு முடியும், பல் பாதியில் நிற்கும். காலால் தட்டிக்கொண்டே பாடினால் ஓட்டம் குறையும்.

மெட்டுக்கு ஐந்து சுரத்துக்கு மேல் வேண்டாம். ச முதல் ப வரை தாராளம். ப-வில் எடுத்து, க-வின் உயர்ந்த வடிவமான அந்தர காந்தாரத்துக்கு இறங்கும் இரண்டே சுரத்தில்கூட முழுப் பாட்டும் ஓடும், சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே பாடிக்கொள்ளும் மெட்டு பல சமயம் அதுதான். அப்பாக்கள் தங்கள் பேச்சுக்குரலில் தொடங்கினால் பிள்ளை அந்த அடிக்குரலைப் பிடிக்க முடியாமல் முனகும். குரலைச் சற்று மேலே தூக்கிப் பாடுவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. தூங்க வைக்கும் மெட்டை மட்டும் வேறு எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள். குளியலுக்கும் அதையே பாடினால் இரவில் அது வேலை செய்யாது.

கடைசி வரிக்குப் பிறகு இரண்டு தட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிள்ளை பதில் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அடுத்தது, பாட்டைக் கட்டளையாக்குவது. ‘சீக்கிரம்’, ‘நல்ல பிள்ளை’ போன்ற சொற்கள் உள்ளே நுழைந்ததுமே பிள்ளைக்கு இது ஏமாற்று வேலை என்று தெரிந்துவிடும். பிள்ளையின் நிறத்தையோ எடையையோ திக்குவாயையோ வைத்துப் பாட்டுக் கட்டவே கூடாது. மூன்று வயதில் சிரித்த பிள்ளை பதிமூன்றில் அதைக் கேட்டுக் கூனிக் குறுகும், பாட்டோ அழியாது.

குழந்தைக்கு இதெல்லாம் எப்போதிலிருந்து ஏறுகிறது? மிகவும் முன்னாலேயே. 2016-இல் ஹார்வர்டில் சாமுவேல் மெர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதக் குழந்தைகள் அப்பா அம்மா பாடிப் பழகிய பாட்டைப் பாடிய அந்நியரையே அதிக நேரம் பார்த்தன. அதே மெட்டைப் பொம்மை வழியாகக் கேட்ட குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை.

ஆனால் பழகுவது வேறு, வளர்ந்த பிறகு நினைவு வைத்திருப்பது வேறு. பெரும்பாலானவர்களுக்கு மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் நினைவில் தங்குவதில்லை. இரண்டு வயதில் நிறுத்திய பாட்டு பெற்றோர் நினைவில் மட்டுமே இருக்கும். ஐந்து, ஆறு வயது வரை எப்போதாவது பாடிவந்தால்தான் அது பிள்ளைக்கும் சொத்து. தம்பியோ தங்கையோ பிறந்து அதே பாட்டு வீட்டில் மறுபடி ஒலித்தால் மூத்த பிள்ளைக்குக் கணக்காகப் பதியும். எல்லாப் பாட்டையும் மூத்த பிள்ளைதான் சரியாகச் சொல்கிறது என்றால் காரணம் இதுவாகக்கூட இருக்கும்.

பழைய பாட்டைச் சேகரிக்க நினைப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து ‘அந்தப் பாட்டைச் சொல்லுங்க’ என்று கேட்டால் பாதியில் திக்கும். சொல்லச் சொல்லாதீர்கள், பாடச் சொல்லுங்கள். வேலையையும் கையில் கொடுங்கள்: ஒரு துண்டு, ஒரு சீப்பு, மடியில் ஒரு பேரப்பிள்ளை. நடுவில் நின்றால் அந்த வரியைத் தேடக் கூடாது. முதல் வரிக்குத் திரும்பினால் ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும். மறதிநோய் வந்தவர்களிடம்கூடப் பழகிய பாட்டு பேச்சைவிட நெடுநாள் தங்குவது உண்டு. ஆகவே இனி நினைவிருக்காது என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

பதிவுக்குக் கைபேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். கைபேசியை மேசையில் மடித்த துணிமேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தாளம் தட்டுவதே இடியாகப் பதியும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக மட்டும் விட்டால் ஒலி நசுங்கும், கைபேசி மாறும்போது தொலைந்தும் போகலாம். ஒலிப்பதிவுச் செயலியில் எடுத்து மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, பாடியவர், வேலை மூன்றும் வேண்டும். எழுதி வைக்கும்போது ‘புடிப்பா’ என்பதைப் ‘பிடிப்பார்’ என்று திருத்தினால் மெட்டில் உட்காராது. கை அசைவு இருந்தால் எந்த வரியில் என்று ஒரு குறிப்பு.

அண்ணன் ‘கேஷியர்’ என்றும் தங்கை ‘கேசரியர்’ என்றும் பாடினால் எது சரி என்று பஞ்சாயத்து வைக்காமல் இரண்டையும் தனித்தனிக் கோப்பாகப் போடுங்கள்.