போட்டி நிகழ்ச்சியின் பின்னணி இசை விற்பனைக்கு வந்தபோது

தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிக்கு இசையமைப்பது முகப்பு இசையோடு முடிந்துவிடும் வேலை அல்ல. போட்டியாளர் உள்ளே வரும்போது ஒன்று, கேள்வி திரையில் தோன்றும்போது ஒன்று, அவர் யோசிக்கும் நேரமெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருக்க ஒன்று, கடிகாரம் இறங்கும்போது ஒன்று, விடை சரியென்றால் ஒன்று, தவறென்றால் வேறொன்று, விளம்பர இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று என, சில வினாடிகள் முதல் இரண்டு நிமிடம் வரை நீளும் துண்டுகளாகச் செய்து கொடுக்க வேண்டும். இவை ஆல்பமாக வெளிவருவதில்லை. இசையமைப்பாளரின் பெயரும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஓரிரு வினாடி தோன்றி மறையும். ஆனாலும் இவற்றுக்கு ஒரு சந்தை இருக்கிறது. கல்யாண வரவேற்பில் விளையாட்டு நடத்தும் தொகுப்பாளர்களுக்கும், பள்ளி ஆண்டு விழா நடத்துபவர்களுக்கும், அலுவலகக் குடும்ப விழாவுக்கு வினாடி வினா தயாரிப்பவர்களுக்கும் ‘டிவியில் வருகிற மாதிரி’ ஒலி வேண்டும். அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ நிகழ்ச்சியில் இறுதிக் கேள்விக்குப் போட்டியாளர்கள் யோசிக்கும் 30 வினாடிக்கான இசையை எழுதிய மெர்வ் கிரிஃபின், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அந்தச் சிறு துண்டிலிருந்து பல கோடி டாலர் ஈட்டினார். நம் ஊரில் இந்த வேலையைச் செய்யும் பலருக்கு ஒரு தடவை கிடைக்கும் மொத்தத் தொகையோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

2014இல் ஒரு தமிழ்ச் சேனலில் ஒளிபரப்பான போட்டி நிகழ்ச்சிக்காக, சாலிகிராமத்தில் உள்ள என் சிறிய ஸ்டுடியோவில் இப்படிப்பட்ட துண்டுகளை ஒரே மொத்தத் தொகைக்கு, ‘பேக்கேஜ்’ முறையில் செய்து கொடுத்தேன். வாத்தியக்காரர்களின் சம்பளம், ஒலிக்கலவை எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். நிகழ்ச்சி ஒரு பருவத்தோடு நின்றுபோனது. பத்தாண்டுகள் கழித்து, 2024இன் கடைசியில், விழாத் தொகுப்பாளராக இருக்கும் நண்பர் ஒருவர் தாம் இணையத்தில் விலை கொடுத்து வாங்கிய ‘கேம் ஷோ சவுண்ட் பேக்’ ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினார். அதில் பாதிக்கு மேல் நான் செய்தவை.

எப்படி உறுதியாகத் தெரிந்தது என்று பிறகு பலரும் கேட்டார்கள். கடிகாரம் இறங்கும் துண்டை நான் ஏழு அட்சரத் தாளமான மிச்ர சாபுவில் அமைத்திருந்தேன். நிமிடத்துக்கு 140 அடி என்ற வேகத்தில் 30 வினாடிக்கு 70 அடிகள் வரும். ‘தகிட தகதிமி’ என்ற ஏழு அட்சரம் சரியாகப் பத்து ஆவர்த்தனம் (தாளச் சுற்று) சுற்றி, நேரம் முடியும் மணியோடு தாளத்தின் தொடக்க அடியான சமத்தில் வந்து விழும். கஞ்சிரா வாசித்த நண்பர் கடைசி இரண்டு ஆவர்த்தனத்தில் முடிப்புக்கான தாளக் கோவையாக ஒரு சிறு தீர்மானம் வைத்திருந்தார். அந்தத் தீர்மானம் அப்படியே இருந்தது. அதைவிட முக்கியமாக, எந்தத் துண்டிலும் தொகுப்பாளரின் குரலோ அரங்கின் கைதட்டலோ இல்லை. ஒளிபரப்பிலிருந்து எடுத்திருந்தால் குரல் கலந்துதான் வரும். ஆகவே யாரோ ஒருவர் படத்தொகுப்பு அறையின் ஹார்ட் டிஸ்கிலிருந்து மூலக் கோப்புகளையே எடுத்திருக்க வேண்டும். சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று பார்த்தால் என்னோடு வேலை செய்தவர்கள் மட்டுமே இருந்தார்கள் என்பது எனக்கு உவப்பாக இல்லை. அந்த விசாரணைக்குள் இறங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன்.

அறிவுசார் சொத்துரிமை வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரைப் பாரிமுனையில் சந்தித்தேன். நான் கொண்டுபோன ஒலிக்கோப்புகளை அவர் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது தயாரிப்பு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை. அடுத்துக் கேட்டது, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் நான் உறுப்பினரா என்பதை. அந்தச் சங்கத்தில் உறுப்பினரானவர்கள் தங்கள் உரிமைகளில் சிலவற்றைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்பதால், புகார் யார் பெயரில் போக வேண்டும் என்பதே மாறிவிடும். நான் உறுப்பினர் இல்லை. ஒப்பந்தம் இருந்தது: இரண்டு பக்கம், ‘அனைத்து உரிமைகளும் நிறுவனத்தைச் சேரும்’ என்ற ஒற்றை வரியோடு. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு இதில் எதுவும் மிஞ்சாது என்றுதான் நினைத்தேன்.

வழக்கறிஞர் வேறு மாதிரி படித்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப் படைப்பு ஒரு சொத்து, அதன் ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. சட்டத்தின் பார்வையில் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் ‘திரைப்படம்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும் என்பதால், 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தயாரிப்பாளர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன இசைக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2012இல் வந்த திருத்தம் அதை மாற்றி, படத்துக்குள் சேர்க்கப்பட்ட இசைப் படைப்பில் படைத்தவரின் உரிமை அப்படிப் போய்விடாது என்று சொன்னது. என் வேலை அதற்குப் பின்னால் நடந்தது. சரி, எழுதிக் கொடுத்துவிட்டேனே என்றால், அதற்குப் பிரிவு 19 இருக்கிறது: எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படவில்லையென்றால் அது ஐந்தாண்டுக்கு மட்டுமே என்றும், எல்லை குறிப்பிடப்படவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் அது கொள்ளச் சொல்கிறது. என் ஒப்பந்தத்தில் இரண்டும் இல்லை. ஆக 2019இலேயே இசைப் படைப்பின் உரிமை என்னிடம் திரும்பிவிட்டது என்பது அவருடைய வாதம். ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு என்பதில் மட்டும் நிறுவனம் தகராறு செய்யக்கூடும் என்றும், அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வாங்காமல் எந்தத் தளத்துக்கும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்தக் கடிதம்தான் இந்த விவகாரத்தில் அதிக நேரத்தைத் தின்றது. நிறுவனம் இதற்குள் போட்டி நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வேறு தயாரிப்புகளுக்குப் போயிருந்தது. பழைய நிர்வாகி இல்லை. புதிதாக வந்தவர், ‘பழைய விஷயம் சார், பார்த்துச் சொல்றோம்’ என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அவர்களை அசைத்தது என் வேண்டுகோள் அல்ல. அந்த சவுண்ட் பேக்கை விற்றவர் துண்டுகளை ஒரு விநியோக நிறுவனம் வழியாகத் தன் பெயரில் ஸ்ட்ரீமிங் தளங்களிலும் ஏற்றியிருந்தார். அதன் மூலம், பிறர் ஏற்றும் காணொளிகளில் ஒரு இசை இருக்கிறதா என்று தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்புக்குள்ளும் அவை போய்ச் சேர்ந்தன. நிறுவனம் தன் சேனலில் வைத்திருந்த பழைய அத்தியாயங்களின் மேலேயே உரிமைகோரல் வந்து விழுந்தது. சொந்த நிகழ்ச்சியின் விளம்பர வருவாய் இன்னொருவர் கணக்குக்குப் போகும் என்றதும், கடிதத்தின் வாசகத்தைப் பற்றிப் பேச அவர்களே என்னைக் கூப்பிட்டார்கள். அந்த நிகழ்ச்சியின் அத்தியாயங்களில் இசையைத் தொடர்ந்து பயன்படுத்த நான் தடை சொல்ல மாட்டேன்; இசைப் படைப்பு என்னுடையது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்வார்கள்; ஒலிப்பதிவைப் பொறுத்தவரை இருவரும் சேர்ந்தே புகார் செய்வோம் என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அவர்கள் பங்குக்குக் கன்டென்ட் ஐடி கோரல்களை மறுத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல மறுதரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு.

அடுத்து, தொகுப்பில் இருந்தவற்றைப் பிரித்தோம். இங்கே வழக்கறிஞர் காட்டிய கண்டிப்பு எனக்கு முதலில் எரிச்சலூட்டியது. ‘தவறான விடை’ ஒலி நான் விலைக்கு வாங்கிய ஒரு சாம்பிள் தொகுப்பில் இருந்த ஒலியை லேசாக மாற்றியது; அதை நீக்கச் சொன்னார். ஒன்றரை வினாடி மணியோசையையும் நீக்கச் சொன்னார், ஏனென்றால் ஒரு படைப்பில் குறைந்தபட்சப் படைப்பாற்றலாவது தென்பட வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலில் அது நிற்காது. அதே தொகுப்பில் ‘கோடீஸ்வரன்’ வகை நிகழ்ச்சிகளின் இசையும் இருந்தது. அது பிரிட்டனின் கீத் ஸ்ட்ராகனும் அவர் மகன் மேத்யூ ஸ்ட்ராகனும் ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ நிகழ்ச்சிக்காக எழுதியது. ஊருக்கே தெரிந்த இசை என்றாலும் அதற்காகப் புகார் செய்ய எனக்கு உரிமை இல்லை. உரிமையாளரோ தனி உரிமம் பெற்றவரோதான் செய்ய முடியும். எஞ்சியது ஒன்பது துண்டுகள். எல்லாவற்றையும் கோரிச் சிலவற்றில் தோற்பதைவிட ஒன்பதைக் கோரி ஒன்பதிலும் நிற்பது நல்லது என்று அவர் சொன்னதை இன்று முழுமையாக ஏற்கிறேன். (30 வினாடிக்குக் குறைவாக எடுத்தால் குற்றமில்லை என்ற நம்பிக்கை நம் வட்டாரத்தில் பரவலாக உண்டு. சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.)

சான்றுகளைச் சேர்ப்பது எனக்குப் பழக்கமான வேலையாக இருந்தது. நியூயெண்டோ என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இருந்த பழைய ப்ராஜெக்ட்கள், கஞ்சிரா மட்டும் தனியாக உள்ள டிராக், வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்த ரசீதுகள், நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் இருந்தன. விற்பனையில் இருந்த கோப்புகள் பிராட்காஸ்ட் வேவ் வடிவில் இருந்ததால், அவற்றுக்குள் பதிந்திருந்த உருவாக்கத் தேதியும் 2014 என்றே காட்டியது. பெயரை மாற்றியவர் உள்ளே இருந்ததை மாற்றவில்லை. வழக்கறிஞர் சொன்னபடி நானும் ஒரு தொகுப்பை விலை கொடுத்து வாங்கினேன். யுபிஐயில் பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கில் பதிவான பெயர் திரையில் வருமே, அதுதான் விற்றவர் யார் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் தடயம். மின்னணுச் சான்றுகளுக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் பிரிவு 63இன் கீழ் சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) அதில் எழுத வேண்டும், நிபுணர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். வாங்கிய அன்றே ஹேஷ் எடுத்து வைத்தது பிறகு வசதியாக இருந்தது.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் இசைப் படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம் என்பதால், குறிப்புத்தாள் எழுதி இணையத்தில் விண்ணப்பித்து, விண்ணப்பம் பதிவானதற்கான டைரி எண் வாங்கிவைத்தோம். பதிப்புரிமை அலுவலகம் டெல்லியில் இருப்பதால், காப்புரிமை அலுவலகம் இருக்கும் கிண்டிக்கு இதற்காக அலைய வேண்டியதில்லை.

விற்பனைப் பக்கத்தை வைத்திருந்த இந்தியத் தளத்துக்கு 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி புகார் அனுப்பினோம். படைப்பின் விவரம், உரிமைக்கான ஆதாரம், அது எந்த முகவரியில் கிடக்கிறது என்பது, சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்குகளில் அது ஏன் அடங்காது என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், எடுத்தது. ஆனால் அந்தத் தடை 21 நாளுக்குத்தான். அதற்குள் வழக்குத் தொடுத்து நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவோம் என்ற உறுதிமொழியையும் புகாரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கொண்டுவராவிட்டால் தளம் பக்கத்தைத் திரும்பத் திறந்துவிடலாம். சிறிய இசையமைப்பாளர்கள் இந்த விதியைப் பயன்படுத்தத் தயங்குவதற்கு இந்த உறுதிமொழிதான் காரணம் என்பது என் எண்ணம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு இயங்குகிறது என்றாலும், அங்கே போவதற்கான செலவு அந்த நிகழ்ச்சிக்கு நான் வாங்கிய சம்பளத்தைத் தாண்டிவிடும்.

அதனால் அதே வாரத்தில் வக்கீல் நோட்டீஸும் போனது. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63இன் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதும், அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் அதில் இருந்தன. நோட்டீஸைப் பெற்றவர் வழக்கறிஞருக்குப் பதில் எழுதாமல் என்னையே தொலைபேசியில் அழைத்தார். ‘அண்ணா, நான் திருடல, ஹார்ட் டிஸ்க்கோட விலைக்கு வாங்கினேன். பேரே இல்லாம கிடந்துச்சு, யாருதுன்னு தெரியல’ என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பெயரில்லாமல் கிடந்ததைத் தன் பெயரில் பதிவு செய்ததற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. காவல் துறைக்குப் போக நான் விரும்பவில்லை. பணத்தைவிட அவர் பெயர் அந்தத் துண்டுகளிலிருந்து நீங்குவதுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

21 நாள் முடிவதற்குள் வழக்கறிஞர் அறையில் உட்கார்ந்து முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம். விநியோக நிறுவனத்திலிருந்து ஒன்பது துண்டுகளையும் அவர் திரும்பப் பெற வேண்டும்; கன்டென்ட் ஐடி கோரல்களை விலக்க வேண்டும்; தன்னிடம் உள்ள பிரதிகளை அழிக்க வேண்டும்; விற்பனைக் கணக்கை அப்படியே காட்டி, அதில் எங்கள் துண்டுகளுக்கான விகிதத்தைத் தர வேண்டும். கணக்கில் இருந்த தொகை வழக்கறிஞர் கட்டணத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. நிறுவனத்தின் அத்தியாயங்கள் மீதிருந்த கோரல்கள் அதன் பின் நீங்கின.

ஏற்கனவே வாங்கியவர்களின் பென் டிரைவ்களில் உள்ள பிரதிகளை இந்த ஒப்பந்தம் தொடாது. விற்றவர் கொடுத்த பட்டியலில் இருந்த தொகுப்பாளர்களுக்கு, கட்டணம் செலுத்தி எழுத்துமூல உரிமம் பெற்றுக்கொண்டு தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று செய்தி அனுப்பினேன். சிலர் பணம் கட்டி வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், கடிகாரத் துண்டைக் கொஞ்சம் நீட்டி 45 வினாடிக்குச் செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அதே வேகத்தில் 45 வினாடிக்கு 105 அடி, அதாவது 15 ஆவர்த்தனம். கணக்குச் சரியாக வருகிறது. இந்த முறை உரிமக் கடிதத்தில் காலமும் எல்லையும் தனி வரியில் எழுதப்பட்டிருக்கின்றன.